ஒரு வாரத்தில் ஒரு நாட்டை எழுதிவிடலாம்

ஸ்பைரல் பைண்டிங் செய்த அறிக்கைகள் ஒரு கட்டாக என் மேசைக்கு வந்தன. 2023-இல் எங்கள் கல்லூரியின் இறுதியாண்டு சிவில் மாணவர்கள் சிங்கப்பூர் போய்வந்து எழுதியவை. அட்டையில் மெர்லயன் சிலை, உள்ளே கூகுளில் எடுத்த படங்கள், கடைசியில் முடிவுரை. அந்த முடிவுரைதான் இன்றுவரை என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே சங்கதி: சிங்கப்பூர் சுத்தமாக இருக்கிறது, காரணம் அங்குள்ள மக்கள் ஒழுக்கமானவர்கள், நாமும் ஒழுக்கமாக மாறினால் நம் நாடும் அப்படி ஆகிவிடும். ஒருவனைப் பார்த்து இன்னொருவன் எழுதியிருப்பான் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், பார்த்து எழுதவேண்டிய தேவையே இல்லை. விமானம் ஏறும் முன்பே எழுதிவைத்திருக்கலாம். திருத்தணியைத் தாண்டிப் போகாத என் சித்தப்பாவும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதையேதான் சொல்கிறார்.

அறிக்கைகள் நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்துவிட்டன. தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்கான கோப்பில் அவை பத்திரமாகச் சேர்ந்தன. எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. உடன் போன ஆசிரியன் நான். அந்தப் பயணத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு தெரியும். ஒரு மாணவனின் அம்மா வளையலை அடகு வைத்திருந்தார். இன்னொருவனுக்கு மாமா சீட்டுப் பணம் எடுத்துக் கொடுத்திருந்தார். பலருக்கு வாழ்க்கையின் முதல் பாஸ்போர்ட். இவ்வளவும் செய்து கடல் தாண்டிப் போய், போகும்போது மண்டையில் இருந்ததையே திரும்பவும் மண்டையில் ஏற்றிக்கொண்டு வருவதற்குப் பெயர் கல்விப் பயணமா?

இத்தகைய பயணங்கள் எப்படி நடக்கும் என்பது கல்லூரி வாசல் மிதித்த எல்லோருக்கும் தெரியும். ஏஜென்ட் ஒரு நிகழ்ச்சி நிரல் தருவார். அதில் செந்தோசாவும் யூனிவர்சல் ஸ்டூடியோவும் பெரிய எழுத்தில் இருக்கும். "தொழில்நுட்பப் பார்வையிடல்" என்று ஓரிரண்டு வரிகள் நடுவில் செருகப்பட்டிருக்கும். போகிற இடமெல்லாம் கல்லூரியின் பெயர் போட்ட ஃபிளெக்ஸ் பேனரை விரித்து ஒரு புகைப்படம். இரவில் முஸ்தபா சென்டர். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இருபது இருபத்தொரு வயதில் ரோலர் கோஸ்டரில் ஏறிக் கத்துவதும் ஒரு படிப்புதான். என் சண்டை அந்த நடுவில் செருகிய இரண்டு வரிகளோடு மட்டும்.

தட்டு வைக்கும் இடம்

போய் இறங்கிய முதல் நாள் மதியம் தேக்கா சென்டரில் சாப்பிட்டோம். ஹாக்கர் சென்டர் எனப்படும் உணவங்காடி அது. பிரியாணி, பரோட்டா, தேத்தண்ணீர் எல்லாம் கிடைக்கும். நம் பையன்கள் சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போலத் தட்டுகளை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்கள். துடைக்கும் துணியோடு நின்றிருந்த ஒரு வயதான சீனப் பெண்மணி ஒன்றும் சொல்லவில்லை. முகவாயை மட்டும் சற்று உயர்த்திப் பக்கத்துச் சுவரோரம் காட்டினார். அங்கே சக்கரம் வைத்த அடுக்குகள் இருந்தன. ஹலால் தட்டுகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு இன்னொன்று. பையன்கள் அசடு வழிந்துகொண்டே திரும்பி வந்து தட்டுகளை எடுத்துப்போய் வைத்தார்கள். அன்று இரவிலிருந்து யாரும் சொல்லாமலே எல்லோரும் வைத்தார்கள். ஊர் திரும்பும்வரை அந்தப் பழக்கம் மாறவில்லை.

அறிக்கைகளில் இந்தத் தட்டு விவகாரம் பலமுறை வருகிறது. "சிங்கப்பூர் மக்கள் சாப்பிட்ட தட்டைத் தாங்களே எடுத்து வைக்கும் பண்பு உடையவர்கள்." சிங்கப்பூர் மக்களும் வெகுகாலம் நம்மைப்போல மேசையில் விட்டுவிட்டுப் போனவர்கள்தான். அரசாங்கம் பல ஆண்டுகள் கெஞ்சிப் பார்த்தது, சுவரொட்டி ஒட்டிப் பார்த்தது. பெரிதாகப் பலனில்லை. 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் உணவங்காடிகளில் அது சட்டமாக அமலுக்கு வந்தது. முதல் தடவை எழுத்து மூலம் எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். அதாவது என் மாணவர்கள் பார்த்து வியந்த பரம்பரைப் பண்புக்கு அப்போது இரண்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை.

நான் சொல்லவருவது அபராதத்தின் பெருமையை அல்ல. சட்டத்தோடு கூடவே அந்த அடுக்குகளும் எட்டிய தூரத்தில் இருந்தன என்பதுதான் எனக்கு முக்கியம். நம் பையன்கள் ஒரே வேளையில் மாறினார்கள். அவர்களுடைய பிறவிக் குணம் சாங்கி விமான நிலையத்தில் மாறிவிட்டதா என்ன? எங்கள் கல்லூரி கேன்டீனில் தட்டு வைக்க ஓர் அடுக்கு கிடையாது. கை கழுவும் தொட்டியின் விளிம்பில் வைக்கவேண்டும், அது நிறைந்திருந்தால் தரையில். தன் கையே மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகும் "அவர்கள் ஒழுக்கமானவர்கள், நாம் அப்படியில்லை" என்று ஒருவன் எழுதுகிறான் என்றால், பார்த்தது அவனுக்குள் இறங்கவில்லை என்றே அர்த்தம்.

சிங்கப்பூர் ஆற்றின் கதையும் இப்படித்தான். படகில் போய்ப் படமெடுத்துக்கொண்ட எல்லோரும் அதன் சுத்தத்தை எழுதினார்கள். கூவத்தை நினைக்காத சென்னைவாசி அங்கே இருக்க முடியாது, சரிதான். ஆனால் அந்த ஆறும் ஒருகாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டிய சாக்கடையாகத்தான் இருந்தது. 1977-இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு வைத்தார். கரையோரக் குடிசைவாசிகளுக்கு வேறு வீடு, தெருவோரச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு உணவங்காடிகளில் இடம், ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த பன்றி, வாத்துப் பண்ணைகள் காலி, சரக்குப் படகுகள் இடமாற்றம். 1987-இல் வேலை முடிந்தது. அதில் இழந்தவர்களும் உண்டு. பிழைப்பை விட்டு எழுந்துபோனவர்கள் எல்லோரும் மகிழ்ச்சியாகப் போனார்கள் என்று நான் நம்பவில்லை. இதைப் பேசலாம், விவாதிக்கலாம், "சென்னையில் இதைச் செய்தால் யாரை எங்கே அனுப்புவாய்?" என்று மாணவனை மடக்கலாம். குடிசைகளிலிருந்து எழுப்பியவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் அறிந்த ஊர் அல்லவா நம்முடையது. ஒழுக்கம் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் இந்த விவாதம் எதற்கும் இடமில்லாமல் போய்விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் தங்கியிருந்த சிராங்கூன் சாலைப் பக்கம் நடக்கவே இடமில்லை. வாரம் முழுக்க வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் புல்வெளிகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிற கடைகளில் வரிசை. அறந்தாங்கிப் பக்கத்து மாணவன் ஒருவன் தன் ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டான். பேசியவர் முப்பது வயதைத் தாண்டியவர், பக்கத்துக் கிராமம். எங்களை நிற்க வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "எதைப் படிக்க வந்தீர்கள் தம்பி?" என்று கேட்டார். கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று பார்க்க வந்தோம் என்றான் இவன். அவர் சிரித்துவிட்டார். மேற்குப் பக்கம் துவாஸ்வரை போகும் ஆழ்நிலைச் சுரங்கச் சாக்கடைத் திட்டத்தில் தான் வேலை பார்த்ததாகச் சொன்னார். சுரங்கத்துக்குள் இறங்குவதற்கு முன் என்னென்ன வாயுவைச் சோதிப்பார்கள், எது எந்த அளவுக்கு மேல் போனால் வெளியே ஓடிவரவேண்டும் என்று கைவிரல்களை மடக்கி மடக்கிச் சொன்னார். நான் வகுப்பில் நடத்தும் பாடம்தான் அது. இவ்வளவு தெளிவாக நான் நடத்தியதில்லை. வேலைக்காக ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தையும், லாரியின் பின்புறம் உட்கார்ந்து வேலைக்குப் போவதையும் அதே குரலில், குறையாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னார்.

இந்த மனிதர் ஓர் அறிக்கையிலும் இல்லை. அறந்தாங்கிப் பையனின் அறிக்கையிலும் இல்லை. ஏனப்பா என்று கேட்டேன். "அது நிகழ்ச்சி நிரலில் இல்லையே சார்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். கோபம் அவன்மேல் இல்லை. எதைப் பார்த்தால் படிப்பு, எதைப் பார்த்தால் ஊர் சுற்றல் என்று பள்ளியிலிருந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பெரம்பூர் பக்கம்

நிகழ்ச்சி நிரலில் இருந்த ஒன்று நியூவாட்டர் பார்வையாளர் மையம். கழிவுநீரிலிருந்து எடுக்கும் தூய நீருக்கு அங்கே நியூவாட்டர் என்று பெயர். பிடோக் ஆலையை ஒட்டி இருந்தது. 2024-இல் ஆலையின் ஆயுள் முடிந்து மூடிவிட்டார்கள், நாங்கள் அதற்கு முன் போனோம். ஊரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நுண்வடிகட்டலுக்குப் பிறகு ஆர்ஓ (மெல்லிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தி வடிப்பது), அதற்குப் பிறகு புறஊதாக் கதிர் என்று மூன்று படிகளில் தூய்மையாக்குகிறார்கள். பெரும்பகுதி சிப் தயாரிக்கும் ஆலைகளுக்கும் குளிரூட்டும் கருவிகளுக்கும் போகிறது. வறட்சி மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கங்களில் கலக்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை உருளைகள் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தன. வழிகாட்டிப் பெண் ஆர்ஓ சவ்வின் ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். ஒவ்வொருவராகத் தொட்டுப்பார்த்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள். பிறகு சின்ன பாட்டில்களில் அந்தத் தண்ணீரைக் கொடுத்தபோது பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் மூக்கருகே கொண்டுபோய்விட்டு இறக்கினான். வழிகாட்டிக்கு இது தினசரிக் காட்சி போலிருக்கிறது. 2002 தேசிய தினத்தன்று பிரதமர் கோ சோக் தோங்கும் கூடியிருந்த பல்லாயிரம் பேரும் இதே தண்ணீரை உயர்த்திப் பிடித்துக் குடித்ததைச் சொல்லிச் சமாளித்தார்.

சவ்வுத் துண்டு ஒரு மாணவியிடம் வந்ததும் நகராமல் நின்றுவிட்டது. வகுப்பில் கடைசிக்கு முந்தைய பெஞ்சில் உட்காருகிறவள், வாயைத் திறக்கமாட்டாள். துண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மறுபக்கம் திருப்பித் தேய்த்தாள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் துணிபோலச் சொரசொரப்பு. அது அவளுக்கு ஏதோ செய்திருக்கவேண்டும். தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டாள்: இதன் வழியாகப் போகாமல் மிஞ்சும் தண்ணீர் எங்கே போகிறது? நல்ல கேள்வி. ஆர்ஓவுக்குள் விடும் நீரில் ஏறத்தாழக் கால்வாசி, உப்பும் அழுக்கும் செறிந்து வெளியே வரும். வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுக் குழாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இன்னும் மோசம். கடலில் விடுகிறோம் என்றார் வழிகாட்டி. எவ்வளவு தூரத்தில், யார் அளக்கிறார்கள் என்று இவள் தொடர்ந்தாள். வழிகாட்டிப் பெண்ணும் சலிக்காமல், தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மின்னஞ்சல் முகவரி எழுதிக் கொடுத்தார். மற்றவர்கள் வெளியே பேனரை விரித்துக் காத்திருந்தார்கள்.

பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். "சார், எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பிளான்ட் இருக்கிறது. அதுவும் இதேதானா?" எந்த ஏரியா என்று கேட்டேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை யார் கேட்டாலும் "பெரம்பூர் பக்கம்" என்றுதான் சொல்வாள். வீடு கொடுங்கையூரில். ஊர் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் அங்குள்ள குப்பைக் கிடங்கு வந்துவிடும் என்பதால் சொல்வதில்லை.

ஆமாம், அங்கேயும் அதுதான் என்றேன். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்ஓ வரைக்கும் கொண்டுபோய்ச் சுத்திகரிக்கும் நிலையங்கள் 2019-இல் செயல்பாட்டுக்கு வந்தன. கொடுங்கையூர்த் தண்ணீர் மணலியின் ஆலைகளுக்கும், கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. அந்த ஆலைகள் குடிநீரைக் கேட்டு நிற்காவிட்டால் அந்த அளவு ஊருக்கு மிச்சம். இது ஒன்றும் சிங்கப்பூரைப் பார்த்து வந்த யோசனையும் அல்ல. மணலியின் பெரிய ஆலைகள் சென்னையின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கியது 1990-களில். நியூவாட்டர் விநியோகத்துக்கு வந்தது 2003-இல்தான்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 2019-ஐப் பற்றிப் பேசினாள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்கிய வருடம். இவள் அப்போது பள்ளியில். லாரி வரும் சத்தத்துக்குத் தூக்கத்தில் காதைத் தீட்டி வைத்திருந்து, குடங்களை எடுத்துக்கொண்டு ஓடியதைச் சொன்னாள். "அந்த வருடமே எங்கள் தெருவுக்குப் பின்னால் இதைக் கட்டி முடித்திருக்கிறார்கள். எங்களுக்கு நாற்றம் மட்டும்தான் சார் தெரியும்" என்றாள். அந்தப் பயணத்தில் யாராவது எதையாவது படித்தார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியுமானால் அது அந்த பஸ்ஸில்தான்.

சிங்கப்பூருக்குத் தண்ணீர்ப் பயம் இருப்பதற்குக் காரணமும் உண்டு. இன்று மலேசியாவில் உள்ள ஜொகூர் மாநிலத்தோடு போட்ட 1962 தண்ணீர் ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது, அதற்குள் தன் காலில் நிற்கவேண்டும் என்ற கணக்கில் அவர்கள் ஓடுகிறார்கள். நம் பயம் 2019-இன் வடகிழக்குப் பருவமழையோடு வடிந்துவிட்டது. ஆனால் நாம் எதையும் கட்டவில்லை என்று சொல்லவும் முடியாது, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம். அப்படியானால் என் மாணவர்கள் கண்ட வித்தியாசம் எங்கே இருக்கிறது? அங்கே ஆலையோடு சேர்த்து அதைப் பார்ப்பதற்கு ஒரு பாதையையும், விளக்குவதற்கு ஓர் ஆளையும், தொட்டுப்பார்க்க ஒரு துண்டையும் வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒரு இருபது வயதுப் பெண்ணுக்கு அந்தக் கூடத்தில் வந்தது. தொழில்நுட்பத்தைப் பாடப்புத்தகத்திலேயே படிக்கலாம். கேட்கிற துணிச்சலைப் படிக்க அவளுக்கு ஒரு வேற்றூர் வேண்டியிருந்தது. அங்கே அவளைக் கொடுங்கையூர்க்காரி என்றோ, கடைசிக்கு முந்தைய பெஞ்ச் என்றோ யாருக்கும் தெரியாது.

அவளுடைய அறிக்கை மற்றவற்றைவிடச் சின்னது. அட்டையில் மெர்லயன் இல்லை. "நான் கொடுங்கையூரில் வசிக்கிறேன்" என்று தொடங்குகிறது. முடிவுரை இல்லை, அதனால் மதிப்பெண் வார்ப்புருவின்படி நான் குறைத்திருக்கவேண்டும், குறைக்கவில்லை. மிஞ்சிய உப்புநீர் எங்கே போகிறது என்ற அதே கேள்வி இம்முறை கொடுங்கையூர் நிலையத்தைக் குறித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆலைகளுக்கு என்ன விலைக்கு விற்கிறார்கள், அந்தப் பணத்தில் எங்கள் தெருவுக்கு ஏதாவது வருமா என்பது அடுத்தது.

அப்படியென்றால் ஏன் போகவேண்டும்?

இதைக் கேட்டுவிட்டு எங்கள் துறையிலேயே மூத்த ஆசிரியர் ஒருவர், "கொடுங்கையூருக்கு 10 ரூபாய் டிக்கெட்டில் போய்விடலாமே, எதற்கு ஐயா சிங்கப்பூர்?" என்று கேட்டார். நியாயமான கிண்டல். ஆனால் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க அந்த மதில் சுவரை ஒட்டித்தான் நடந்திருக்கிறாள், டிக்கெட்கூட இல்லாமல். பார்க்கவில்லையே. பழகிய இடத்தில் கண் வேலை செய்வதில்லை. வெளியூரில் ஓரிரு நாள் நன்றாக வேலை செய்கிறது, பிறகு அங்கேயும் மங்கிவிடுகிறது. குறுகிய பயணத்தின் பலமே அதன் குறுகிய காலம்தான் என்று எனக்குப் படுகிறது. ஆபத்தும் அதேதான். அந்த ஒரு வாரத்தில் கண் திறந்திருக்கிறது என்பதாலேயே, கண்ட காட்சிக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்ற மிதப்பும் வந்துவிடுகிறது.

இப்போது நான் செய்வது சின்னச் சின்ன வேலைகள். புறப்படும் முன்பே சென்னையில் ஒரு கழிவுநீர் நிலையத்துக்கு அழைத்துப்போகிறேன். அங்கே எங்களுக்கு விளக்கிய பொறியாளர் மதியச் சாப்பாட்டையும் மறந்து பேசினார். அறிக்கையில் முடிவுரைக்குத் தடை. அதற்குப் பதிலாக, அங்கே கண்ட ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்த ஆண்டு வந்தது, அதற்கு முன் எப்படி இருந்தது, யார் கையால் நடக்கிறது, யார் இழந்தார்கள் என்று எழுதவேண்டும். "மக்கள்" என்ற எழுவாயில் தொடங்கும் வாக்கியங்களுக்குச் சிவப்பு மை. மாணவர்கள் முனகுகிறார்கள்.

தீராதது பணம்தான். வகுப்பில் பாதிப் பேர் அன்று வரவில்லை, வர முடியவில்லை. அவர்களில் அந்தப் பெண்ணைப்போல எத்தனை பேர் இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜப்பானின் சகுரா அறிவியல் திட்டம் 2014 முதல் பிற ஆசிய நாடுகளின் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் குறுகிய காலத்துக்கு அழைத்துப்போகிறது, செலவை அவர்களே ஏற்கிறார்கள். நம் அரசுப் பள்ளி மாணவர்களையும் இப்போது அரசாங்கம் வெளிநாடு அனுப்புகிறது. தனியார் கல்லூரி மாணவன் மட்டும் அம்மாவின் வளையலை நம்பி நிற்கிறான். நிரலில் தீம் பார்க்கை எடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் வசதியில்லாத சிலரைச் சேர்த்து அழைத்துப்போகலாம் என்று ஒரு கணக்குப் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன். தீம் பார்க்கை எடுத்தால் பணம் கட்டுகிற பையன்களும் வரமாட்டார்கள் என்கிறார் ஏஜென்ட். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இப்போதைக்குப் பேரம் நடந்துகொண்டிருக்கிறது.